விவரம் கேட்கும் அரசு முறைப்பாட்டையும் கேட்கட்டும்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்த தோட்டத்தின் லயன்கள் மீது மலை சரிந்தது. அன்று நாடு முழுவதும் கேட்ட முதல் கேள்வி, மண்ணுக்குள் எத்தனை பேர் என்பதுதான். அதற்கு உறுதியான பதில் யாரிடமும் இருக்கவில்லை. முதல் நாள்களில் இருநூறு, முந்நூறு என்று சொல்லப்பட்ட எண்ணிக்கை பின்னர் பல மடங்கு குறைந்தது. கிராம உத்தியோகத்தரின் அலுவலகமும் அங்கிருந்த பதிவேடுகளும் மண்ணோடு போய்விட்டதாக அப்போது செய்திகள் வந்தன. எஞ்சிய ஆவணங்களும் முழு விடை தரக்கூடியவை அல்ல. தோட்டத்தின் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில், பெயர் உள்ளவர்கள் எல்லோரும் லயனில் இருப்பவர்கள் அல்லர். லயனில் இருப்பவர்கள் எல்லோரும் செக்ரோலில் இருப்பவர்களும் அல்லர். ஓய்வுபெற்ற தாய், கொழும்பில் கடையில் நிற்கும் மகன், விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளை ஆகியோரை எந்த ஏட்டில் தேடுவது? மீரியபெத்தவில் இருந்து நிர்வாகம் கற்றுக்கொண்ட பாடம் தெளிவானது: மக்களைப் பற்றிய விவரங்கள் ஒரு மேசை இலாச்சிக்குள் மட்டும் இருக்கக்கூடாது, கணினியில் ஏற வேண்டும், மாவட்டச் செயலகத்திலும் கொழும்பிலும் பிரதி இருக்க வேண்டும்.

அந்தப் பாடம் சரியானது, ஆனால் பாதிதான். பதிவேடு இருந்தால் போதாது. அதில் எழுதப்பட்டவர் அதைப் பார்க்கவும், பிழையைத் திருத்தவும், தேவையில்லாதவர் கையில் அது போய்ச்சேர்ந்தால் தட்டிக்கேட்கவும் வழி இருக்க வேண்டும். கடந்த சில ஆண்டுகளில் அரசும் உள்ளூராட்சி மன்றங்களும் விவரம் சேகரிக்கும் வேலையில் வேகமாக முன்னேறியிருக்கின்றன. முறைப்பாடு கேட்கும் வேலையோ இன்னும் தொடங்கவே இல்லை என்று சொல்லலாம். ஊவாவின் தோட்டப்புறங்களில் இந்த இடைவெளி கொழும்பில் இருப்பதைவிட ஆழமானது. ஆகவே, டிஜிட்டல் சேவைகள் தோட்டத்துக்கு வருவதற்கு முன்னதாகவோ, குறைந்தபட்சம் அவற்றோடு சேர்ந்தோ, தனிப்பட்ட தரவு பற்றிய முறைப்பாட்டைத் தமிழில், வாய்மொழியாகவும் ஏற்றுக்கொள்ளும் ஒரு மேசை பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும் வந்தாக வேண்டும். இது சட்டம் முழுமையாக அமுலாகும்வரை காத்திருக்க வேண்டிய வேலையும் அல்ல.

ஒரு தோட்டக் குடும்பத்தைப் பற்றி அரசிடம் இன்று என்னென்ன இருக்கின்றன என்று பார்ப்போம். ஆட்பதிவுத் திணைக்களத்தில் அடையாள அட்டை விவரம் இருக்கிறது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வந்த கியூஆர் முறையில் வாகன இலக்கமும் அடையாள அட்டை இலக்கமும் இணைக்கப்பட்டன. 2023இல் தொடங்கிய அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவுக்காக, கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு வசதி, குடும்ப அமைப்பு என்ற ஆறு தலைப்புகளில் 22 அளவுகோல்களுக்கு விவரம் திரட்டப்பட்டது. வீட்டில் யாருக்கு நாள்பட்ட நோய், யாருக்கு இயலாமை, மின்கட்டணம் எவ்வளவு, மோட்டார் சைக்கிள் உண்டா, நகை அடகில் இருக்கிறதா என்பன போன்ற பேச்சு லயன் வாசலில் நடக்கும்போது, பக்கத்து அறைக்கும் அதற்கடுத்த அறைக்கும் அது கேட்காமல் இருக்காது. ஒரே கூரை, ஒரே சுவர் என்று கட்டப்பட்ட லயனில் ஒரு குடும்பத்தின் வறுமைக் கணக்கு பத்துக் குடும்பங்களுக்குத் தெரிந்துவிடும். 2025 பெப்ரவரியில், அரச அலுவலகங்களுக்கான கட்டணங்களை இணையத்தில் செலுத்தும் கவ்பே என்ற முறை வந்தது. கைரேகை, கருவிழி, முகப்பதிவு ஆகியவற்றைச் சேகரிக்கும் புதிய டிஜிட்டல் அடையாளத் திட்டம் இந்திய மானிய உதவியோடு தயாராகிக்கொண்டிருக்கிறது. தோட்டங்களில் பிரதேச சபைகள் பணம் செலவிடுவதற்குப் பிரதேச சபைச் சட்டத்திலிருந்த தடை 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால்தான் நீங்கியது. வீதி விளக்கு, குடிநீர், குப்பை அகற்றல் என்று சபையின் சேவை இப்போதுதான் லயன்வரை வரத் தொடங்கியிருக்கிறது. அதோடு சபையின் படிவங்களும் வருகின்றன.

இத்தனைக்கும் ஒரு காப்பாக, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. தெற்காசியாவில் இத்தகைய சட்டத்தை முந்திக்கொண்டு இயற்றிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. இந்தியா அதற்கு அடுத்த ஆண்டுதான் தன் சட்டத்தை இயற்றியது. தனியார் கம்பனிகள் மட்டுமன்றி அமைச்சுகள், திணைக்களங்கள், மாகாண சபைகள், உள்ளூராட்சி மன்றங்கள் ஆகியனவும் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. தன்னைப் பற்றி என்ன விவரம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டறியும் உரிமை, பிழையைத் திருத்தும் உரிமை, தேவையில்லாமல் வைத்திருப்பதை அழிக்கச் சொல்லும் உரிமை, மனிதர் தலையிடாமல் கணினியே எடுத்த முடிவை மீளாய்வு செய்யுமாறு கேட்கும் உரிமை ஆகியவற்றை அது தருகிறது. கோரிக்கைக்கு 21 வேலை நாள்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் தரவுப் பாதுகாப்பு அதிகார சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். சட்டத்தை மீறி அதிகார சபையின் பணிப்பையும் மதிக்காத நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபாய்வரை தண்டம் விதிக்கலாம். இனம், மதம், உடல்நலம், உடற்கூற்று அடையாளங்கள், பிள்ளைகளைப் பற்றிய விவரங்கள் ஆகியன தனிக் கவனத்துக்குரியவை என்று சட்டம் ஒதுக்கி வைத்திருக்கிறது. எழுத்தளவில் இதில் பெரிய குறை சொல்வதற்கில்லை.

குறை நடைமுறையில்தான். அதிகார சபையை அமைக்கும் பகுதி 2023 ஜூலையில் அமுலுக்கு வந்தது. குடிமக்களின் உரிமைகளையும் நிறுவனங்களின் கடமைகளையும் சொல்லும் பகுதிகள் 2025 மார்ச் 18 முதல் அமுலாகும் என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருந்தது. அந்தத் திகதி நெருங்கியபோது அது கைவிடப்பட்டு, திருத்தச் சட்டமூலம் ஒன்று முன்வைக்கப்பட்டது. நிறுவனங்கள் தயாராக இல்லை, கால அவகாசம் வேண்டும் என்பது சொல்லப்பட்ட நியாயம். அந்த நியாயத்தை முற்றாக மறுப்பதற்கில்லை. ஆனால் தயார்நிலை இல்லையென்பதற்காக விவரம் திரட்டுவது எந்த அலுவலகத்திலும் நிறுத்தப்படவில்லை. கணக்கெடுப்பு நடந்தது, படிவங்கள் நிரப்பப்பட்டன, செயலிகள் அறிமுகமாயின. கால அவகாசம் கிடைத்தது விவரம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். விவரம் கொடுத்தவர்களுக்கு அல்ல.

அரசின் கையில் உள்ள விவரம் பத்திரமாக இருக்கும் என்று நம்பி இருந்துவிடலாமா? 2023 ஓகஸ்ட் இறுதியில் அரச முகில் கணினி வலையமைப்பின் மீது கப்பம் கேட்கும் இணையத் தாக்குதல் நடந்தது. அதில் அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. பாதிக்கப்பட்ட அலுவலகங்களுள் அமைச்சரவை அலுவலகமும் ஒன்று. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குப் பிரதி இருக்கவில்லை. அவை திரும்பக் கிடைக்கவில்லை. மென்பொருள் பழையது என்பதும் வெளிவந்தது. அமைச்சரவை அலுவலகத்தின் கடிதங்களையே மூன்று மாதங்களுக்கு மேலாகப் பிரதியெடுக்காமல் விட்ட ஒரு கட்டமைப்பு, மீரியபெத்த அடங்கும் ஹல்துமுல்ல பிரிவின் ஒரு தோட்டத் தொழிலாளியின் நோய் விவரத்தைக் கண்ணுங்கருத்துமாகக் காக்கும் என்று எதிர்பார்ப்பதற்குச் சான்று ஏதுமில்லை. இந்தியாவிலும் இதே கதைதான். 2017 ஏப்ரலில் ஜார்க்கண்ட் மாநில அரசின் இணையத்தளம் ஒன்று, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட முதியோர் ஓய்வூதியக்காரர்களின் ஆதார் இலக்கங்களை எவரும் பார்க்கும்படி வெளியிட்டுவிட்டது. அதற்குத் திருடன் எவனும் தேவைப்படவில்லை. அலுவலகத்தின் அசட்டை போதுமாயிருந்தது. சாதாரண மக்களுக்கு நேரும் பாதிப்புகளில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான்.

இப்போது மீரியபெத்தவிலோ அதன் அயலிலோ வாழும் ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இப்படியொரு பாதிப்பு நேர்ந்தால் அவர் என்ன செய்ய முடியும் என்று யோசிப்போம். காலையில் பேர் பதியும் பெரட்டுக்களத்துக்குப் போக வேண்டும்; போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை, சம்பளமும் இல்லை. முறைப்பாட்டை இணையத்தில் செய்யலாம் என்றால் கைத்தொலைபேசி மகனிடமோ கணவரிடமோ இருக்கும். சிம் அட்டை வேறொருவர் பெயரில் இருக்கவும் கூடும். உறுதிப்படுத்தும் இலக்கம் அந்தத் தொலைபேசிக்குத்தான் போகும். தன் விவரத்தை வீட்டுக்குள்ளேயே ஒருவர் தவறாகப் பயன்படுத்தியதுதான் முறைப்பாடு என்றால் அந்த வழி அடைபட்டது. எழுத்தில் அனுப்பினால் பதில் எந்த முகவரிக்கு வரும்? தோட்டத்து லயன் அறைகளுக்குத் தனி முகவரி இல்லாததும், கடிதங்கள் தோட்ட ஆபீஸ் வழியாக வருவதும் மலையகம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் குறைகள். அரசிடம் கொடுத்த விவரம் தோட்ட நிர்வாகத்துக்குப் போனதைப் பற்றிய முறைப்பாட்டுக்கு, அந்த நிர்வாகத்தின் மேசையைத் தொட்டே பதில் வர வேண்டும் என்பது என்ன முறை? மொழிச் சிக்கலும் இருக்கிறது. பதுளை மாவட்டத்தில் ஹல்துமுல்ல உள்ளிட்ட பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. என்றாலும் அறிவிப்பு வேறு, கவுண்டருக்குப் பின்னால் தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருப்பது வேறு.

ஆட்களைப் பற்றிய ஏடு மலையகத்துக்குப் புதியதல்ல. இந்த மக்கள் இந்த மண்ணுக்கு வந்த நாள் முதல் அவர்களைப் பற்றி ஏதோவொரு ஏடு யாரோ ஒருவர் கையில் இருந்துவந்திருக்கிறது. கடல் கடந்து வந்தவர்களுக்குத் தகரத்தில் இலக்கம் பொறித்துக் கொடுத்த முறை இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் துண்டு வேண்டும். அந்தத் துண்டில் இருந்தது தொழிலாளியின் கடன் கணக்கு, அதை எழுதியவரோ தொழிலாளி அல்லர். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்பதற்கு ஆவணம் காட்ட முடியாதவர்கள் இலட்சக்கணக்கில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தொகைகளாகப் பிரித்தது. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்தான் பிரஜாவுரிமை கொடுத்தது. ஒரு காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, அதை யார் வைத்திருக்கிறார்கள் என்பது ஒரு சமூகத்தின் தலைவிதியை மூன்று தலைமுறைக்குத் தீர்மானித்த இடம் இது. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறொரு எழுத்து என்று இருந்ததால் ஊழியர் சேமலாப நிதியைப் பெற அலைந்தவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. ஆகவே தரவுரிமை என்பது மேல்தட்டு நகரவாசியின் கவலை, மலையகத்துக்கு அந்நியமானது என்று சொல்வது வரலாறு தெரியாத பேச்சு.

ஒரு நகர நிர்வாகம் தன் கணினியை அளவுக்கு மீறி நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நல்ல உதாரணம். அந்த நகர சபை 2017 முதல் 2021 வரை, சமூக நலக் கொடுப்பனவு பெறுவோரில் யாரை விசாரிக்கலாம் என்று வரிசைப்படுத்தும் ஒரு கணினி முறையைப் பயன்படுத்தியது. ஒருவரின் வயது, பால், குடும்ப நிலை, மொழித் தேர்ச்சி என்று 315 அம்சங்களை அது கணக்கில் எடுத்தது. டச்சு மொழி சரளமாக வராதவர் சந்தேகத்துக்குரியவராக மேலே ஏற்றப்படும் நிலை இருந்தது. நகரின் கணக்காய்வு அமைப்பு 2021இல் இதைக் கண்டித்தது, பயன்பாடு நிறுத்தப்பட்டது. அதே நாட்டில் பிள்ளைப் பராமரிப்புக் கொடுப்பனவில் மோசடி செய்தார்கள் என்று ஆயிரக்கணக்கான பெற்றோர் மீது தவறாகப் பழி விழுந்தது. வரித் திணைக்களம் இரட்டைக் குடியுரிமை விவரத்தைச் சட்டவிரோதமாகப் பயன்படுத்தியதாக அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அமைப்பு கண்டறிந்து 27.5 இலட்சம் யூரோ அபராதம் விதித்தது. 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகியது. பணமும் படிப்பும் நிறைந்த நாட்டில், நூலகமும் வழக்கறிஞரும் அருகிலேயே இருக்கும் நகரத்தில் இது நடந்தது. அங்கே உண்மை வெளிவந்ததற்குக் காரணம், தட்டிக்கேட்கும் அமைப்புகள் இயங்கிக்கொண்டிருந்ததுதான். இங்கே வறுமையை 22 அளவுகோல்களால் அளந்து புள்ளி போடும் முறை நடைமுறைக்கு வந்துவிட்டது. தட்டிக்கேட்கும் அமைப்பு நாற்காலி மேசை வாங்கும் நிலையில் இருக்கிறது.

முறைப்பாட்டு மேசை வேண்டும் என்ற கோரிக்கைக்கு எதிராகச் சில நியாயங்கள் சொல்லப்படுகின்றன. வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லாதவர்களுக்கு அந்தரங்கம் எதற்கு, முதலில் காணியும் வீடும் சம்பளமும் கிடைக்கட்டும் என்பது முதலாவது. தொழிற்சங்க மேடைகளிலும் இந்தத் தொனி உண்டு. ஆனால் யாருக்கு வீடு, யாருக்குக் கொடுப்பனவு, யாருக்கு நிவாரணம் என்பதை இன்று முடிவு செய்வதே தரவுதான். 2023 ஜூனில் அஸ்வெசும பட்டியல் வெளியானபோது, ஜூலை 10ஆம் திகதி முடிந்த காலக்கெடுவுக்குள் நாடு முழுவதிலும் இருந்து 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் வந்தன. தன்னைப் பற்றி அரசு எழுதி வைத்திருப்பது பிழை என்று சொன்ன மக்கள் அவர்கள். தரவுத் திருத்தக் கோரிக்கை என்று அவர்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். பிரதேச செயலகத்தில் ஒரு வழி திறந்திருந்தது. மக்கள் வரிசையில் நின்றார்கள். ஏழைகளுக்கு இதில் அக்கறை இல்லை என்ற வாதம் அந்த வரிசையிலேயே அடிபட்டுப் போய்விட்டது. பிழையான விவரத்தைத் திருத்தக் கேட்பதும், கொடுத்த விவரம் எங்கே போனது என்று கேட்பதும் ஒரே உரிமையின் இரண்டு பக்கங்கள்.

இரண்டாவது நியாயம் கனமானது. பயனாளிகளின் பெயரை ஒளித்து வைத்தால் அரசியல்வாதியின் ஆளுக்கும் வசதியுள்ளவனுக்கும் கொடுப்பனவு போகும். ஊரறியப் பட்டியல் ஒட்டினால்தான் களவு பிடிபடும் என்பது அது. அஸ்வெசுமவுக்கு முந்தைய சமுர்த்தி நிவாரணக் காலத்து அனுபவத்தை நினைத்தால் இந்த அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. அஸ்வெசும பட்டியல் மீது மேன்முறையீடு மட்டுமன்றி, பிறர் பெயருக்கு எதிரான ஆட்சேபனையும் கோரப்பட்டது இந்த எண்ணத்தில்தான். ஆனால் வெளிப்படைத்தன்மை அரசின் செயலுக்கு உரியது. குடும்பத்தின் நோய்க்கும் கடனுக்கும் உரியதல்ல. எந்த அளவுகோலுக்கு எத்தனை புள்ளி, ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவில் எத்தனை விண்ணப்பம், எத்தனை தெரிவு, எத்தனை நிராகரிப்பு, யார் கையொப்பமிட்டார் என்பதையெல்லாம் வெளியிடட்டும். பெயர் வெளியிடத்தான் வேண்டும் என்றால் பெயரோடு நிறுத்தட்டும். அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசி இலக்கமும் வீட்டு நிலையும் சுவரில் ஏற வேண்டிய அவசியம் இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டமே இந்தச் சமநிலையைச் சொல்லியிருக்கிறது: பொது நலனோடு தொடர்பில்லாத தனிநபர் விவரத்தை மறுக்கலாம், பொது நலன் மேலோங்கினால் கொடுக்கலாம். களவைப் பிடிக்க அந்தச் சட்டம் போதும்; அதற்காக ஏழையின் வீட்டை ஊர்ச் சந்தியில் திறந்து வைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது நியாயம் மீரியபெத்தவின் பெயராலேயே சொல்லப்படக்கூடியது. மண் சரியும் நேரத்தில் அனுமதி, சம்மதம், முறைப்பாடு என்று பேசிக்கொண்டிருந்தால் உயிர்கள் போய்விடும் என்பது அது. 2023 மார்ச்சில் பூணாகலை கபரகலையிலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தின் பல இடங்களிலும் மலை சரிந்ததைக் கண்ட எவரும் இந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. ஆனால் உயிர் காக்கும் அவசரத்துக்கு விவரத்தைப் பயன்படுத்துவதைத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கவில்லை. அதற்கு இடம் கொடுத்தே எழுதப்பட்டிருக்கிறது. மேலும், மீரியபெத்தவின் ஆபத்தைப் பற்றி தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருந்தது. அங்கே தடையாக இருந்தது எவருடைய அந்தரங்கமும் அல்ல. ஆபத்து பற்றிய விவரம் ஆபத்தில் இருந்தவர்களின் கைக்கு, அவர்கள் நம்பி எழுந்து போகக்கூடிய விதத்தில், போக ஓர் இடத்தோடு சேர்ந்து வரவில்லை. தன்னைப் பற்றியும் தன் வீட்டைப் பற்றியும் அரசிடம் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை அத்தகைய மக்களுக்கு ஆடம்பரம் அல்ல. தன் லயன் அபாய வலயத்தில் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது, மாற்றுக் குடியிருப்புப் பட்டியலில் தன் குடும்பம் எத்தனை பேராகப் பதிவாகியிருக்கிறது என்று கேட்டுத் திருத்தவும் அதே உரிமைதான் உதவும். தன் விவரம் தவறாகக் கைமாறாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் மக்கள் முழு விவரமும் கொடுப்பார்கள். உள்ளூர்க் கடன்காரனுக்கோ தோட்ட நிர்வாகத்துக்கோ செய்தி போகும் என்ற பயம் இருந்தால், அறையில் இருப்பவர்களில் இரண்டு பேர் கணக்கில் வரமாட்டார்கள். அடுத்த சரிவின்போது அந்த இரண்டு பேரை யார் தேடுவார்கள்?

கடைசி நியாயம் செலவு. பிரதேச சபையில் குப்பை லொறிக்கு டயர் வாங்கவே பணம் இல்லை, புதிதாக ஒரு தரவு அலுவலரை எங்கிருந்து நியமிப்பது என்று கேட்பார்கள். புதிதாக யாரையும் நியமிக்க வேண்டியதில்லை. தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு பொது அதிகார சபையிலும் ஒரு தகவல் அலுவலர் இருக்கிறார், அவருக்கு மேல் மேன்முறையீடு கேட்கும் அலுவலர் இருக்கிறார், அதற்கும் மேல் ஆணைக்குழு இருக்கிறது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. 14 வேலை நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்திலேயே உண்டு. தனிப்பட்ட தரவு பற்றிய முறைப்பாட்டையும் இதே அலுவலர், இதே மேசையில், இதே முறையில் பதிவு செய்யலாம். மாகாண உள்ளூராட்சித் திணைக்களத்தின் ஒரு சுற்றறிக்கையும், ஒரு பதிவேடும், ஒருநாள் பயிற்சியும் போதும். சபைக்குக் கிடைக்கும் பயன் இதைவிடப் பெரிது: எந்தப் படிவத்தில் பிழை வருகிறது, எந்த மேசையில் விவரம் கசிகிறது என்பதை அந்தப் பதிவேடு மாதம் மாதம் காட்டிக்கொடுக்கும்.

அந்த மேசை பெயரளவில் இருந்துவிடாமல் வேலை செய்ய வேண்டுமானால் சில நிபந்தனைகள் அவசியம். முறைப்பாடு கொடுத்தவருக்கு இலக்கமிட்ட பற்றுச்சீட்டு தமிழில் கையில் கொடுக்கப்பட வேண்டும். நாளைக்கு வாருங்கள் என்ற வாய்ச்சொல் போதாது. பதிலை எங்கே, எப்படிப் பெறுவது என்பதை முறைப்பாட்டாளரே தெரிவு செய்ய வேண்டும். தோட்ட ஆபீஸ் வழியாக வேண்டாம் என்றால் அலுவலகத்தில் நேரில் வாங்கிக்கொள்ள வசதி இருக்க வேண்டும். சபையோ பிரதேச செயலகமோ விவரம் கேட்கும் ஒவ்வொரு படிவத்தின் மேற்புறத்திலும் இது எதற்கு, யார் பார்ப்பார்கள், எத்தனை காலம் வைத்திருப்பார்கள், பிழையென்றால் யாரிடம் சொல்வது என்ற நான்கு வரிகள் இருக்க வேண்டும். விவரம் கசிந்தது தெரியவந்தால் இணையத்தளத்தில் ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் போட்டுவிட்டுக் கைகழுவக்கூடாது; பெரட்டுக்களத்திலும் கொழுந்து மடுவத்திலும் கோயிலிலும் தமிழில் ஒட்ட வேண்டும். வேலை நாளில் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ வர முடியாதவர்களுக்காக, நடமாடும் சேவை தோட்டத்துக்கு வரும் நாள்களில் இந்த மேசையும் கூடவே வர வேண்டும். கொழும்பில் உள்ள தரவுப் பாதுகாப்பு அதிகார சபை மலையக மாவட்டங்களில் அமர்வு நடத்தி மேன்முறையீடுகளை அங்கேயே கேட்க வேண்டும்.

சட்டத்தின் உரிமைப் பகுதி முழுமையாக இயங்கும்வரை கைகட்டி இருக்க வேண்டியதும் இல்லை. அரசியலமைப்பின் 14அ உறுப்புரை தகவலறியும் உரிமையை அடிப்படை உரிமையாக்கியிருக்கிறது. அந்தரங்கத்துக்கு அப்படியொரு தனி உறுப்புரை நம்மிடம் இல்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2017 ஓகஸ்ட் 24ஆம் திகதி அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்ததைப் போன்ற தீர்ப்பின் துணை இல்லாத நிலையில், நம் கையில் உள்ள கருவி தகவலறியும் உரிமைதான். தோட்டத்தில் இயங்கும் மாதர் சங்கமோ, இளைஞர் கழகமோ, தொழிற்சங்கக் கிளையோ தங்கள் பிரதேச சபையிடம் சில கேள்விகளை எழுத்தில் கேட்கலாம். எங்கள் தோட்டத்து மக்களைப் பற்றி எந்தெந்த விவரங்களைச் சபை சேகரிக்கிறது? எந்தச் சட்டத்தின் கீழ்? அவை எந்தக் கணினியில் இருக்கின்றன, எந்தத் தனியார் கம்பனி அந்த முறையைப் பராமரிக்கிறது, அதனோடு செய்த ஒப்பந்தத்தின் பிரதி எங்கே? தோட்ட நிர்வாகத்தோடு எந்த விவரம் பகிரப்படுகிறது? தமிழில் கேட்டால் தமிழில் பதில் பெறும் உரிமை இருக்கிறது. இத்தகைய பத்து விண்ணப்பங்கள் ஒரு சபைக்குப் போனால், அந்தச் சபை முதன்முறையாகத் தன் கோப்புகளை எண்ணிப் பார்க்க வேண்டிவரும். பாரபட்சம் தெரிந்தால் பதுளையிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தை, சட்டத்தின் முன் சமம் என்ற 12ஆம் உறுப்புரையின் அடிப்படையில் நாடலாம்.

இவற்றில் எதற்கும் பாராளுமன்றத்தின் அனுமதி தேவையில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டத்தின் அமுல் திகதியை உறுதியாக அறிவிப்பதும், அதிகார சபைக்கு ஆளும் பணமும் கொடுப்பதும் கொழும்பின் வேலை. அதை வலியுறுத்த வேண்டியது மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்களின் வேலை. ஆனால் ஹல்துமுல்ல பிரதேச சபையோ, அப்புத்தளை நகர சபையோ, பண்டாரவளை, பதுளை மாநகர சபைகளோ அடுத்த மாதக் கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் கொண்டுவர முடியும்: இச்சபை எந்தப் புதிய டிஜிட்டல் சேவையைத் தொடங்கினாலும், அது பற்றிய முறைப்பாட்டைத் தமிழிலும் சிங்களத்திலும் ஏற்கும் அலுவலரின் பெயரையும் மேசையையும் அறிவித்த பின்னரே தொடங்கும் என்று. இதைத் தீர்மானமாகக் கொண்டுவரும் முதல் உறுப்பினர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும் பரவாயில்லை. அதை எதிர்த்துக் கையுயர்த்துபவர் யார் என்பதை வாக்காளர்கள் குறித்து வைத்துக்கொள்ளட்டும். அந்தப் பட்டியலைப் பகிரங்கமாக வெளியிடுவதில் எவருடைய அந்தரங்கமும் கெடாது.